திருக்காவலூரில் ஒரு தச்சன் வீடு



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. நம் வீடுகளின் முகப்பில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. சிறுவர் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துக் குடில் கட்டுகிறார்கள். பாடகர் குழுவினர் இரவுதோறும் வீடு வீடாகச் சென்று கிறிஸ்து பிறப்பின் பாடல்களைப் பாடுகிறார்கள். அடுப்படியில் அதிரசத்திற்குப் பாகு காய்கிறது. வயலில் மக்காச்சோள வேலையும், வீட்டில் பண்டிகை வேலையும் ஒருங்கே நம்மை நெருக்கும் நாட்கள் இவை.

இந்த வாரம் நமது மண்ணின் வரலாற்றிலிருந்தே ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தமிழில் கிறிஸ்தவப் பெருங்காப்பியமாகிய தேம்பாவணியின் ஆசிரியர், நம்முடைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றியவர் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அந்தக் காப்பியத்தின் தலைவன் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அவன் அரசனோ போர்வீரனோ அல்லன். ஒரு வீட்டைக் காத்த தச்சன். பண்டிகைக் காலத்தில் நம் வீட்டைப் பற்றி நினைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை.

கொள்ளிடத்தின் வடகரை

திருமானூர் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும்போது கொள்ளிடத்தைக் கடக்கிறோம். இன்று அது நமக்குப் பாலத்தின் மேல் சில நிமிடப் பயணம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆறு ஓர் எல்லையாக இருந்தது. தென்கரையில் தஞ்சை மராட்டியரின் ஆட்சி. வடகரையில் அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயர்களின் ஆட்சி. 1701-ஆம் ஆண்டில், சகஜி மன்னர் காலத்தில், தஞ்சை நாட்டுக் கிறிஸ்தவர்கள் கடுந்துன்பத்திற்கு உள்ளானார்கள். அத்தகைய காலங்களில் ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தவர்களுக்கு ஏலாக்குறிச்சி புகலிடமாயிற்று.

அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர். காவல், அடைக்கலம் என்னும் இரண்டு சொற்களும் அலங்காரமாகச் சூட்டப்பட்டவை அல்ல. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு, குழந்தைகளைத் தோளில் சுமந்து, இரவில் ஆறு கடந்த குடும்பங்களுக்கு அவை எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு கூரை. அதன் பிறகுதான் மற்றவை.

அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த தீராத பிளவை நோயை முனிவர் நீக்கியதாகவும், அதற்கு நன்றியாக அரசர் ஆலயத்திற்கு நிலம் அளித்ததாகவும் அவ்வூர் மரபு கூறுகிறது. நம்முடைய கத்தோலிக்க சகோதரர்கள் அந்த நிகழ்ச்சியை இன்றும் நன்றியோடு நினைவுகூருகிறார்கள்.

வந்தவர் யார்?

கொன்ஸ்தந்தீனோ ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வட இத்தாலியில் உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் இறங்கி, மறு ஆண்டு தமிழகம் வந்தார். முதலில் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் நிலைபெற்றது. காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, இந்நாட்டுத் துறவியரைப் போல வாழ்ந்தார்.

முப்பது வயதில் வேற்று மொழியில் முதல் எழுத்தைக் கற்கத் தொடங்கியவர், அந்த மொழியில் செய்து முடித்தவற்றைப் பாருங்கள். தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம், சதுரகராதி என்ற அகராதி, திருக்காவலூர்க் கலம்பகம், இன்றும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை, திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு. இவற்றுக்கெல்லாம் முடியாக 1726-இல் தேம்பாவணி.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றையும் அவர் விட்டுச் சென்றார். பழைய எழுத்துமுறையில் எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டுக் காட்டுவார்கள். புள்ளி விடுபட்டால் குறிலா நெடிலா என்று வாசிப்பவர் தடுமாற வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் முனிவர். இயேசு, யோசேப்பு, பெத்லகேம் என்று உங்கள் பிள்ளை வாழ்த்து அட்டையில் எழுதும்போது, அந்த மூன்று பெயர்களிலும் அவருடைய திருத்தம் இருக்கிறது.

நாம் சீர்திருத்த சபையார். ஆகவே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்வது நல்லது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் நமது முன்னோடிகள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தவர்கள் அவர்கள். வீரமாமுனிவர் அவர்களுடைய போதனையைக் கடுமையாக மறுத்து வேத விளக்கம் முதலிய நூல்களை எழுதினார். அந்த வாதங்களில் நாம் இன்றும் அவரோடு உடன்படுவதில்லை. ஆனால் தேம்பாவணியைத் திறக்கும்போது வாதம் ஒதுங்கி நிற்கிறது. அங்கே ஒரு வீடு தெரிகிறது. அந்த வீடு எல்லாச் சபையாருக்கும் பொதுவானது.

ஏன் ஒரு தச்சன்?

தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை; தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி. இரண்டு பொருளும் பொருந்தும்படி அமைந்த பெயர்.

தமிழில் பெருங்காப்பியம் என்றால் அதற்கு இலக்கணம் உண்டு. தன்னிகர் இல்லாத் தலைவன் வேண்டும். நாட்டு வருணனையும் நகர வருணனையும் வேண்டும். மணம், முடிசூடுதல், போர், வெற்றி எனப் பலவும் வேண்டும். சீவகனும் இராமனும் உலாவிய மேடை அது. கம்பரையும் திருத்தக்க தேவரையும் ஆழ்ந்து கற்றவர் முனிவர். மேடையின் அளவு அவருக்கு நன்றாகத் தெரியும். விவிலியத்தில் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் பஞ்சமில்லை; தாவீதைப் பாடியிருக்கலாம், மோசேயைப் பாடியிருக்கலாம். அவரோ சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதனைத் தேர்ந்தெடுத்தார்.

நான்கு சுவிசேஷங்களையும் நீங்கள் தேடிப் பாருங்கள். மரியாள் பேசுகிறாள், பாடுகிறாள். சகரியா பாடுகிறான். சிமியோன் பாடுகிறான். மேய்ப்பர் பேசுகிறார்கள். யோசேப்பு பேசியதாக ஒரு வாக்கியமும் இல்லை. அவன் எழுந்தான், சேர்த்துக்கொண்டான், புறப்பட்டான், திரும்பினான் என்று அவனுடைய செயல்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. மத்தேயுவில் நான்கு முறை அவனுக்குச் சொப்பனத்தில் கட்டளை வருகிறது. மனைவியைச் சேர்த்துக்கொள், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ, இஸ்ரவேல் தேசத்துக்குத் திரும்பு, கலிலேயாவின் பக்கம் போ. நான்கும் வீட்டைக் குறித்த கட்டளைகள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மேசியாவின் வருகையில் யோசேப்புக்குக் கொடுக்கப்பட்ட ஊழியம், ஒரு குடும்பத்தைப் பாதுகாப்பாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பது. அவ்வளவே.

முனிவர் அவனுக்கு வளன் என்று பெயரிட்டார். யோசேப்பு என்னும் எபிரெயப் பெயருக்குப் பெருகச் செய்தல் என்பது பொருள். அந்தப் பொருளைத் தமிழில் ஏந்தி நிற்கும் பெயர் அது. வளனுடைய மணத்தைப் பாடிய பின் வரும் படலத்திற்கு ஈரறம் பொருத்து படலம் என்று பெயர். இல்லறமும் துறவறமும் ஒன்றோடொன்று பொருந்திய வாழ்வு அது என்பது கருத்து. இதை எழுதியவர் மனைவி மக்கள் இல்லாத துறவி என்பதை நினைவில் வையுங்கள். துறவே மேலானது என்று அவர் பாடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

இதே இடத்திற்கு வேறு வழியாக வந்து சேர்ந்தவர் மார்ட்டின் லூத்தர். 1522-இல் திருமணத்தைக் குறித்து அவர் எழுதிய நூலில், குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனை ஊரார் நகைத்தாலும் தேவன் தம்முடைய தூதர்களோடு மகிழ்ந்து பார்க்கிறார் என்ற கருத்தைச் சொன்னார். ஜெர்மனியின் சீர்திருத்தவாதியும் ஏலாக்குறிச்சியின் இயேசு சபைத் துறவியும் எத்தனையோ காரியங்களில் எதிரெதிராக நின்றவர்கள். வீட்டுக்குள் செய்யப்படும் எளிய வேலை கர்த்தருக்கு முன்பாகப் பெரியது என்பதில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள்.

அரும்பாவூர் உளியோசை

தச்சன் வீடு எப்படியிருக்கும் என்று அறிய நாம் நாசரேத்துக்குப் போக வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்குப் போனால் போதும். பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் அங்கே சிற்பங்கள் உருவாகின்றன. உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வருகின்றன. சிறுவன் முதலில் செதுக்கக் கற்பதில்லை. சீவல்களைப் பெருக்கவும், கருவிகளை எடுத்துக் கொடுக்கவும், மரத்தின் போக்கைப் பார்க்கவும் கற்கிறான். சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் கூட இருப்பதால் கற்பதே அதிகம்.

நமது ஆண்டவரும் அப்படித்தான் வளர்ந்தார். ஊரார் அவரைத் தச்சனுடைய மகன் என்று மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார்கள். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் அவரையே தச்சன் என்று அழைக்கிறார்கள். நுகம் மெதுவாயிருப்பதையும், கண்ணில் கிடக்கும் உத்திரத்தையும், கன்மலையின்மேல் கட்டப்பட்ட வீட்டையும் அவர் பேசும்போது, அந்தப் பட்டறையின் மணம் நமக்கு வரவில்லையா? யோசேப்பு ஒன்றும் பேசவில்லை என்றோம். பேசாமலே அவன் கொடுத்துச் சென்றது அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளும் இந்த விடுமுறையில் உங்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளத்தான் போகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் பத்து நாள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குப் புத்தாடை வாங்கிவிட்டோம் என்று நாம் அமைதியடைகிறோம். அதிரசம் தட்டும்போது பக்கத்தில் உட்கார்த்தி வையுங்கள். குடில் கட்டும்போது நீங்களும் மண் குழையுங்கள். யாருக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோக வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து பட்டியலிடுங்கள். அந்தத் தட்டில் வேற்று மதத்து அயலார் வீடும், பண்டிகை இல்லாத வீடும் இடம்பெறட்டும்.

ஐயம் தோன்றிய வீடு

தேம்பாவணியில் ஐயந்தோற்று படலம் என்று ஒன்றும், அடுத்ததாக ஐயநீங்கு படலம் என்று ஒன்றும் உண்டு. மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்ட வளனின் உள்ளத்தில் எழுந்த கலக்கமும், அது தீர்ந்த விதமும் அங்கே பாடப்படுகின்றன. மத்தேயு சில வசனங்களில் முடித்துவிட்டதை முனிவர் இரண்டு படலங்களாக விரித்திருக்கிறார். திருக்குடும்பத்தைப் பாட வந்தவர் அதன் கசப்பான இரவைத் தாண்டிப் போய்விடவில்லை என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

அந்த இரவில் யோசேப்பு என்ன செய்தான்? அவனை நீதிமான் என்று வேதம் அழைக்கிறது. நியாயப்பிரமாணம் அவன் பக்கம் இருந்தது. அவன் ஊரைக் கூட்டியிருக்கலாம், பெரியவர்களிடம் முறையிட்டிருக்கலாம், தன் மானத்தைக் காத்துக்கொண்டிருக்கலாம். அவனோ அவளை அவமானப்படுத்த மனதில்லாமல், காரியத்தை இரகசியமாக முடிக்க எண்ணினான். முழு உண்மையும் தெரியாத நிலையிலேயே எடுத்த தீர்மானம் அது. தூதன் வந்து விளக்கியது அதற்குப் பின்னர்தான்.

பண்டிகை நாட்களில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். அண்ணன் தம்பி ஒரே கூரையின்கீழ்க் கூடுகிறார்கள். பாகப்பிரிவினைப் பேச்சு எழுகிறது. மருமகள் ஊரிலிருந்து வந்தாள், மகள் வரவில்லை. ஒருவருக்குப் பட்டு, மற்றவருக்குப் பருத்தி. பழைய சொல் ஒன்று பந்தியில் விழுகிறது. அந்த நேரத்தில் நியாயம் நம் பக்கம் இருக்கவும் கூடும். ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் யோசேப்பின் சோதனை நமக்கு வருகிறது. எல்லார் முன்பாகவும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும்போது, ஓர் இரவு பொறுத்திருங்கள். அந்த ஓர் இரவுக்குள் கர்த்தர் பேசுவதற்கு இடம் இருந்தது என்பதே பெத்லகேமுக்குப் போகும் வழியாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் அடியும் வன்சொல்லும் அனுபவிக்கிறவர்களிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல யோசேப்பின் பெயரை யாரும் பயன்படுத்தலாகாது. யோசேப்பு பலவீனமான நிலையில் இருந்தவளைக் காத்தான். காவல் என்பது அந்தத் திசையில் மட்டுமே செல்லும்.

ஊர்விட்டு ஊர்

காப்பியத்தின் நடுக்காண்டம் பைதிரம் நீங்கு படலத்தோடு தொடங்குகிறது. பைதிரம் என்றால் நாடு. ஏரோதின் வாளுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு நாடு நீங்குகிறது அந்தக் குடும்பம். சுவிசேஷத்தில் எகிப்துப் பயணம் ஒன்றிரண்டு வசனம். முனிவரிடத்தில் அது நெடும்பயணம். வழிநெடுகப் பழைய ஏற்பாட்டு வீரரின் கதைகள் சொல்லப்படுகின்றன. யோசுவாவின் வெற்றி அப்படித்தான் நூலுக்குள் வருகிறது. காப்பியத்துக்கு வேண்டிய போர், நடந்து செல்பவர் கேட்கும் கதையாகிவிட்டது. தலைவனோ வாள் ஏந்தவில்லை; குழந்தையை ஏந்தி நடக்கிறான்.

விரித்துச் சொல்லப்பட்ட இந்நிகழ்ச்சிகள் எல்லாம் வேதத்தில் இல்லை. ஆகிரெதா மரியாள் என்னும் ஸ்பானிய கன்னியர் எழுதிய நூலையும் முனிவர் துணையாகக் கொண்டார். வேதத்தையும் கவிதையையும் வேறுபடுத்தி வாசிக்க நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் ஆற்றைக் கடந்து அடைக்கலம் தேடி வந்த மக்களின் நடுவே வாழ்ந்த ஒருவர், நாடு நீங்கிய குடும்பத்தை இத்தனை விரிவாகப் பாடியதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அவரும் தாய்நாட்டை விட்டு வந்தவர். திரும்பிச் செல்லாமல், 1747-இல் இந்தியாவிலேயே உயிர்நீத்தவர்.

இப்போது நம் சபையைப் பாருங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றவர்கள் பலர். சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்றவர்கள் அவர்களைக் காட்டிலும் பலர். மானாவாரி நிலம் மழையை நம்பியிருக்கிறது. மகளின் படிப்பும் வீட்டுக் கடனும் மழைக்குக் காத்திருப்பதில்லை. பண்டிகைக் காலத்து வீடு சந்திப்பில், தகப்பன் இல்லாத வீட்டு மேசையில் கைப்பேசியைக் கேக் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே வேலை முடியும் நேரத்தில் இங்கே பிள்ளைகள் விழித்திருந்து, புத்தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்கிறார். அதன் பிறகு இரண்டு பக்கமும் சற்று நேரம் பேச்சு வருவதில்லை.

அந்த வீட்டுத் தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் இந்த ஆண்டு மரியாளின் வேலையையும் யோசேப்பின் வேலையையும் சேர்த்துச் செய்கிறீர்கள். சபை அதை அறிந்திருக்கிறது. கர்த்தர் அதிகமாய் அறிந்திருக்கிறார். தூரத்தில் இருந்து இதை வாசிக்கும் தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். எகிப்தில் அந்நியனாக உளி பிடித்த யோசேப்பு குடும்பத்தை விட்டவன் அல்லன். குடும்பத்துக்காகவே அந்நியன் ஆனவன். உங்கள் வியர்வையும் வீட்டைக் காக்கும் வேலைதான். ஆனால் பணம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஒரு வசனத்தைச் சேர்ந்து வாசியுங்கள். எகிப்துக்குப் போகும் வழியில் கதைகள் நின்றுபோகவில்லை.

மற்றவர்களுக்கு: உங்கள் தெருவில் ஆண் துணை இல்லாமல் நட்சத்திரம் கட்ட முடியாத வீடு எது என்று பார்த்து வையுங்கள். ஏணியோடு போங்கள்.

முதல் பண்டிகை, வெறுமையான இருக்கை

பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணியின் ஒரு பகுதியைக் கற்கிறார்கள். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் சூட்டிய பெயர் கருணையன். காட்டில் தாய் எலிசபெத்து மறைந்துபோக, அவளை அடக்கம் செய்துவிட்டுக் கருணையன் தனிமையில் புலம்புகிறான். மரமும் பறவையும் அவனோடு அழுகின்றன. பிற்காலத்தில் அரசனைக் கடிந்துகொள்ளப்போகும் தீர்க்கதரிசி அங்கே தாயை இழந்த பிள்ளையாக மட்டும் நிற்கிறான். விரைந்து ஆறுதல் சொல்லி அவன் அழுகையை யாரும் நிறுத்தவில்லை.

கடந்த பண்டிகைக்கு இருந்தவர் இந்தப் பண்டிகைக்கு இல்லாத வீடுகள் நம் சபையில் உண்டு. துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா, பலகாரம் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்ய மனம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு விளக்கு போதும். பெத்லகேமின் முதல் இரவிலும் விருந்து இருக்கவில்லை. நாற்பது நாளைக்குப் பின் தேவாலயத்திற்குப் போனபோதும் அவர்கள் கையில் இருந்தது புறா ஜோடி. அது ஏழைகளின் காணிக்கை. குறைவோடு வருகிறவர்களுக்கு இந்தப் பண்டிகையில் முதலிடம் உண்டு. நீங்கள் அழுதால், சபை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

கூட்டத்தில் காணாமற்போன பிள்ளை

யோசேப்பைப் பற்றி வேதம் நமக்குக் கடைசியாகக் காட்டுவது ஒரு பண்டிகைப் பயணத்தையே. லூக்கா 2-ஆம் அதிகாரத்தில், பஸ்கா முடிந்து எல்லாரும் திரும்புகிறார்கள். உறவினர் கூட்டத்தில் பிள்ளை இருப்பான் என்று எண்ணி ஒருநாள் வழி நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்துத் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். உலகத்திலேயே சிறந்த பெற்றோருக்கும் பண்டிகைக் கூட்டத்தில் இது நேர்ந்தது. ஆராதனையும் விருந்தும் விருந்தினரும் நிறைந்த வாரத்தில், எல்லாரும் இருக்கிறார்கள் என்று நினைத்தே நாம் ஒருவரை இழந்துவிடக் கூடும். மூலையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மகன், அடுப்படியை விட்டு வெளியே வராத மருமகள், திண்ணையில் பேச்சுத் துணையின்றி இருக்கும் தாத்தா. இவர்களில் யார் நம் கூட்டத்தில் இல்லாமற்போனார் என்று அன்றன்று மாலையில் எண்ணிப் பாருங்கள். இல்லையென்று தெரிந்தால், யோசேப்பும் மரியாளும் செய்ததைச் செய்யுங்கள். திரும்பிப் போய்த் தேடுங்கள்.

தேம்பாவணி முடிசூட்டுப் படலத்தோடு முடிகிறது. காப்பியத் தலைவனுக்கு முடி வேண்டும் என்ற மரபை முனிவர் மீறவில்லை. ஆனால் வளனுக்கு அந்த முடி பரலோகத்தில் கிடைக்கிறது. பூமியில் அவனுக்குக் கிடைத்தது ஒரு வீடும், ஒரு பட்டறையும், அவனை நம்பியிருந்த இரண்டு பேரும்தான். அவர்களைக் காத்ததற்காகவே கொள்ளிடக் கரையில் ஒருவர் 3615 பாடல்களால் அவனை வாழ்த்தினார். உங்கள் கையில் கர்த்தர் கொடுத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அது சிறிதல்ல.

இந்த வாரத்துக்கு:

குடும்பமாக மத்தேயு 1, 2-ஆம் அதிகாரங்களை ஒரே இரவில் வாசியுங்கள். பிள்ளைகளில் ஒருவர் யோசேப்பின் செயல்களை மட்டும் எண்ணிச் சொல்லட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், கருணையன் பாடத்தை அவர் எல்லாருக்கும் வாசித்துப் பொருள் சொல்லட்டும்.

ஜெபம்:

எங்கள் பரம பிதாவே, உமது குமாரனை ஒரு தச்சன் வீட்டில் ஒப்படைத்தீர். எங்கள் வீடுகளையும் நம்பி எங்களிடம் ஒப்படைத்திருக்கிறீர். ஐயம் எழும் இரவுகளில் நாவைக் காத்தருளும். தூர தேசத்தில் உழைப்பவர்களைக் காத்தருளும். துக்கிக்கிற வீடுகளில் நீரே விருந்தாளியாக வந்து தங்கும். அடைக்கலம் தேடி எங்கள் வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கும் மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

உங்கள் இல்லங்களில் கர்த்தருடைய சமாதானம் தங்குவதாக.